குருதிக் கொடையும் மறைந்த நோயும்

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது நம் பழமொழி. உறவு என்றால் இரத்த பந்தம் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் பிறந்த ஊரை விட்டு, உத்தியோகத்தையோ வாணிபத்தையோ நாடி, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும் குடியேறிவிட்டவர்களுக்கு அந்த இரத்த பந்தம் பெரும்பாலும் தொலைவில்தான் இருக்கிறது. ஒரு நாள் நள்ளிரவில் வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்கிறது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு பை இரத்தம் வேண்டும். அதற்கு ஈடாகக் கொடுப்பதற்கு உறவினர் யாரேனும் உண்டா என்று கேட்கிறார்கள். அண்ணன் கும்பகோணத்தில் இருக்கிறார். மைத்துனர் திருநெல்வேலியில் இருக்கிறார். அந்த வேளையில் நம்மவரின் உயிரைக் காக்க வருவது முன்பின் அறியாத ஒருவருடைய இரத்தம். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் உடம்பில் அவருக்கே தெரியாத நோய் ஏதேனும் ஒளிந்திருக்குமோ என்று நம் மனம் அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்துக்கு மருத்துவ உலகம் எவ்வாறு விடை தேடியது என்பதையும், அந்த விடையில் நமக்குரிய பங்கு யாது என்பதையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

வெளியே தெரியாத நோய் இரத்தத்தில் குடியிருக்கக்கூடும் என்ற உண்மையோடு நாம் வாழும் ஹைதராபாத் நகருக்குப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டில், அல்ஜீரியாவில் பணியாற்றிய லாவரான் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளிகளின் இரத்தத்தில் நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டார். அவை ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிச் செல்கின்றன என்பது மட்டும் விளங்காமலே இருந்தது. செகந்திராபாத் படைமுகாமை அடுத்த பேகம்பேட்டையில் ரொனால்டு ராஸ் இந்தக் கேள்விக்கு விடை தேடினார். உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கொடுத்தார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அத்தகைய கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பணியாற்றிய அந்தக் கட்டிடம் இன்றும் பேகம்பேட்டையில் இருக்கிறது.

கொசுவின் துணையில்லாமல், ஒருவர் கொடுத்த இரத்தத்தின் வழியாகவும் மலேரியா இன்னொருவரை அடையும் என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆனால் மலேரியாக் கிருமி நுண்ணோக்காடியில் கண்ணுக்குப் புலப்படும். அதைவிட மிகச் சிறியனவும், சாதாரண நுண்ணோக்காடிக்கும் அகப்படாதனவுமான வைரஸ்களின் கதையோ வேறு. அவற்றைத் தேடிப் பிடிக்க மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்குச் செலுத்துவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாகவே இருந்தது. சிலர் பிழைத்தனர், சிலர் அங்கேயே மாண்டனர். காரணம் தெரியவில்லை. 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கார்ல் லான்ட்ஸ்டெய்னர், மனித இரத்தத்தில் வெவ்வேறு பிரிவுகள் உண்டென்று காட்டினார். ஒவ்வாத பிரிவுகள் கலந்தால் இரத்த அணுக்கள் திரண்டுவிடுகின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. 1914இல், சோடியம் சிட்ரேட் என்னும் உப்பைச் சேர்த்தால் இரத்தம் உறையாது என்று கண்டார்கள். அதன் பிறகு கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுத்திருக்க வேண்டிய அவசியம் நீங்கியது. இரத்தத்தைப் புட்டியில் சேர்த்துக் குளிரில் வைத்து, வேண்டியபோது எடுத்துப் பயன்படுத்தலாயினர். 1937இல் சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றில் இதற்கு "இரத்த வங்கி" என்றே பெயர் சூட்டினார்கள். நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் இரத்த வங்கி நடந்தது.

வங்கி வந்தது பெரிய நன்மை. ஆனால் அதனோடு ஒரு தீங்கும் வந்தது. புட்டியில் அடைத்த பின் கொடுத்தவர் முகம் மறைந்து போயிற்று. அவர் நலமாக இருக்கிறாரா, நோயுற்றவரா என்று பெறுபவர் அறிய வழியில்லை. அதன் விளைவு எத்தகையது என்பதை 1942ஆம் ஆண்டு உணர்த்தியது. அமெரிக்கப் படைவீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சலைத் தடுக்க ஊசி போட்டார்கள். அந்த மருந்தில் மனித இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியாகிய சீரம் கலந்திருந்தது. சில வாரங்களுக்கும் சில மாதங்களுக்கும் பிறகு ஏறத்தாழ ஐம்பதாயிரம் வீரர்கள் மஞ்சட் காமாலை கண்டு படுத்தனர். சீரம் தந்தவர்களோ, பார்ப்பதற்கு நல்ல திடகாத்திரமானவர்கள். ஒருவர் உடம்பில் நோய் தோன்றாமலே கிருமி தங்கியிருக்கும், அவர் இரத்தம் பெற்றவரை அது வாட்டும் என்ற உண்மை அப்போது ஐயமின்றிப் புலனாயிற்று. ஆயினும் அந்தக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்றும் கிடையாது.

அச்சோதனை எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. பரூக் புளும்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர், பல நாட்டு மக்களின் இரத்தத்திலுள்ள பரம்பரை வேற்றுமைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மஞ்சட் காமாலை அவர் கருத்தில் இல்லவே இல்லை. பலமுறை பிறர் இரத்தம் பெற்ற ஒரு நோயாளியின் சீரத்தை, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவருடைய சீரத்தோடு சேர்த்தபோது ஒரு புதிய பொருள் படிந்து நிற்பதைக் கண்டார். 1965இல் வெளியான அந்தச் செய்திக்கு அப்போது யாருக்கும் முழுப் பொருள் விளங்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில், அது ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய் வைரஸின் மேலுறையே என்பது உறுதியாயிற்று. வைரஸை நேரே காணாவிட்டாலும் அதன் உறையைக் கண்டு பிடித்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1970களின் தொடக்கத்திலிருந்து இரத்த வங்கிகள் இந்தச் சோதனையைக் கைக்கொண்டன. 1976இல் புளும்பெர்க் நோபல் பரிசு பெற்றார்.

இதே காலத்தில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையத்தில் ஹார்வி ஆல்டர் முதலிய மருத்துவர்கள் இன்னொரு பாடத்தைக் கற்றனர். அங்கே இதய அறுவை செய்துகொண்டு இரத்தம் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் நோய் கண்டது. பணம் பெற்றுக்கொண்டு கொடுத்தவர்களின் இரத்தத்தில்தான் இந்த ஆபத்து மிகுதி என்பதையும் கண்டார்கள். 1970இல் பணம் வாங்காத கொடையாளரை மட்டும் ஏற்பது என்று முடிவு செய்து, புதிய சோதனையையும் சேர்த்துக்கொண்டபோது, அந்த விகிதம் ஏறத்தாழப் பத்தில் ஒருவராகக் குறைந்தது. மிஞ்சிய அந்தப் பத்தில் ஒருவருக்கு நோய் தந்த வைரஸ் எது என்று காண மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1989இல் மைக்கேல் ஹூட்டனும் அவருடைய தோழர்களும் ஹெபடைடிஸ் சி வைரஸை இனங்கண்டார்கள். ஆல்டர், ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவரும் 2020இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பணத்துக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்கலாம். வறுமையுற்றவர் தீயவர் என்பது இதன் பொருள் அன்று. நேற்றுக் காய்ச்சல் இருந்ததா, முன்பு காமாலை வந்ததா என்று மருத்துவர் கேட்கும்போது, உண்மை சொன்னால் இன்றைய கூலி போய்விடுமே என்ற நிலையில் இருப்பவரால் எப்படி உண்மை சொல்ல முடியும்? மறைக்கவேண்டிய நெருக்கடியைப் பணமே உண்டாக்கிவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்டு டிட்மஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூல் ஒன்றில், பிரிட்டனின் இலவசக் கொடையையும் அமெரிக்காவின் விற்பனை முறையையும் ஒப்பிட்டு இக்கருத்தையே வலியுறுத்தினார். நம் நாட்டிலும் அந்நாளில் இரத்தம் விற்றுப் பிழைத்தோர் நகரந்தோறும் இருந்தனர். ஊரில் உறவினர் இல்லாமல் வந்து சேர்ந்த வெளியூர்க் குடும்பங்களே அவர்களைப் பெரிதும் நம்பியிருக்க வேண்டியிருந்தது என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிவர்.

அவ்வாறிருக்கையில் புதிய கிருமி ஒன்று உலகில் தலைகாட்டியது. 1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலைய அறிஞர்கள் அதன் வைரஸைக் கண்டார்கள். 1985இல் இரத்தத்தில் அதைக் கண்டறியும் எலிசா சோதனை வந்துவிட்டது. அந்த நோய் மேலை நாடுகளுக்குரியது, நம் நாட்டை அணுகாது என்றே இங்குப் பலரும் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தைக் கலைத்தது நம் தமிழ்நாடு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் சுனிதி சாலமன். தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு இந்த வைரஸைத் தேடுவதையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். நிர்மலாவோ, சிற்றூரில் கட்டுப்பாடான குடும்பத்தில் பிறந்து, இரு குழந்தைகளுக்குத் தாயானவர், முதலில் தயங்கினார். கணவர் ஊக்கப்படுத்தவே ஒப்புக்கொண்டார். சமுதாயம் புறக்கணித்துவைத்திருந்த பெண்களைச் சென்னைக் காப்பகம் ஒன்றில் சந்தித்து, பொறுமையோடு பேசி, இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சீரத்தைப் பிரித்து வைக்க வசதியான இடம் கிடையாது. சொந்த வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்தார். சென்னையில் எலிசா சோதனைக்கு அப்போது வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் அம்மாதிரிகளை எடுத்துக்கொண்டு இரவு இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே வைரஸ் துறையின் தலைவராக விளங்கியவர் ஜேக்கப் ஜான்.

எலிசா சோதனையின் தத்துவம் எளியது. சிறு சிறு குழிகளுள்ள தட்டில் வைரஸின் துணுக்குகளை ஒட்டவைத்திருப்பார்கள். அதில் சோதிக்கவேண்டிய சீரத்தை விடுகிறார்கள். வைரஸை எதிர்த்துப் போராட உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் அது துணுக்கைப் பற்றிக்கொள்ளும். இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். பிறகு ஒரு நிறமூட்டும் பொருளைச் சேர்த்தால், எதிர்ப்பொருள் தங்கிய குழி மட்டும் மஞ்சளாக மாறும். வேலூரில் அன்று ஆறு குழிகள் மஞ்சளாயின. மீண்டும் செய்து பார்த்தார்கள், அதே ஆறுதான். பின்னர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்திலும் அம்முடிவு உறுதியாயிற்று. நோய் வெளித்தோன்றாமலே கிருமி நம் மண்ணில் பரவத் தொடங்கிவிட்டது என்ற செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. சுனிதி சாலமன் தம் எஞ்சிய வாழ்நாளை இந்நோயாளிகளுக்கே செலவிட்டு 2015இல் மறைந்தார். நிர்மலாவின் பெயரையோ பல ஆண்டுகள் வரை மிகச் சிலரே அறிந்திருந்தனர்.

அந்த ஆறு குழிகளின் விளைவுகளுள் ஒன்று இரத்த வங்கிச் சட்டம் இறுகியதாகும். சட்டத்தின் மொழியில் இரத்தமும் ஒரு மருந்து; 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டத்துக்கு அது உட்பட்டது. 1989இல் கொடையாக வரும் இரத்தம் முழுவதையும் எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது கட்டாயமாயிற்று. ஆனால் ஏட்டில் எழுதிய விதி எங்கும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. 1990இல் நடந்த ஓர் ஆய்வின்படி நாட்டிலிருந்த 1,018 இரத்த வங்கிகளில் 616 வங்கிகளுக்கு உரிமமே இல்லை! காமன் காஸ் என்னும் பொதுநல அமைப்பின் சார்பில் எச்.டி. ஷோரி உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1996 ஜனவரி 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உரிமமில்லாத வங்கிகள் நடத்தக் கூடாது, இரத்தம் விற்கும் முறை ஈராண்டுகளுக்குள் ஒழிய வேண்டும், தேசிய அளவிலும் மாநில அளவிலும் இரத்தக் குழுமங்கள் அமைய வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 1998 ஜனவரி முதல் இரத்த விற்பனை தடைசெய்யப்பட்டது. 2001இல் ஹெபடைடிஸ் சி சோதனையும் கட்டாயமாயிற்று. இவ்வாறு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ் என்னும் மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதித்த பிறகே இன்று இரத்தம் நோயாளியிடம் செல்லவேண்டும் என்பது விதி.

அப்படியானால் அச்சத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் ஓர் இடைவெளி இருக்கிறது. வீட்டில் திருடன் புகுந்தவுடனே காவலர் வந்துவிடுவதில்லை. செய்தி போய்ச் சேரச் சிறிது நேரம் ஆகிறது. அதுபோல் வைரஸ் உடலில் நுழைந்த அன்றே எதிர்ப்பொருள் தோன்றிவிடுவதில்லை. எச்.ஐ.வி.க்கு ஏறத்தாழ மூன்று வாரங்களும், ஹெபடைடிஸ் சிக்கு இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆகலாம். அந்நாட்களில் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையோ, ஒன்றுமில்லை என்று சொல்லும். இந்த இடைவெளியைக் குறுக்குவதற்காக, எதிர்ப்பொருளுக்குக் காத்திராமல் வைரஸின் மரபுப் பொருளையே பல கோடி மடங்கு பெருக்கிக் காணும் நியூக்ளிக் அமிலச் சோதனை வந்தது. அதைக் கொண்டு எச்.ஐ.வி.யை ஏறத்தாழப் பதினொரு நாட்களிலேயே காணலாம். நம் நாட்டில் எட்டு இரத்த வங்கிகளிலிருந்து 12,224 மாதிரிகளை எடுத்து இம்முறையில் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சோதனையில் தப்பிவிட்ட எட்டு மாதிரிகள் அதில் அகப்பட்டன. இச்சோதனைக்குச் செலவு அதிகம். ஆகையால் எல்லா மையங்களிலும் இது நடைபெறுவதில்லை. நடைபெறும் இடத்திலும் இடைவெளி குறுகுகிறதே தவிர, அடியோடு மறைவதில்லை.

இடைவெளியை வேறொரு பக்கத்திலிருந்தும் குறுக்கலாம். நாட்டில் நோயுற்றோர் தொகை குறைந்தால் கொடையாக வரும் இரத்தத்திலும் நோய் குறையும் அல்லவா? இதில் ஹைதராபாத்துக்கு மீண்டும் ஒரு பங்கு கிடைத்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் ஒரு தவணைக்குப் பல நூறு ரூபாய் ஆயிற்று. சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி. மின்னணுப் பொறியாளரான வரபிரசாத் ரெட்டி 1993இல் தம் அன்னையின் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திலும் பிறகு உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்திலும் இடம் பெற்று ஆய்வு நடந்தது. 1997 ஆகஸ்டில் அத்தடுப்பூசி வெளிவந்தது. ராஸின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில், அதே மாதத்தில் இது நிகழ்ந்தது. விலை சில பத்து ரூபாய்க்கு இறங்கியது. இன்று அரசின் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகளுக்கு இது இலவசமாகவே கிடைக்கிறது.

இத்தனையும் யாருக்காக என்று பார்க்க வேண்டுமானால், தலசீமியா நோயோடு பிறந்த குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அவர்களுக்காக ஹைதராபாத்தில் 1998 முதல் ஒரு சங்கமே பணியாற்றி வருகிறது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை என்று வாழ்நாள் முழுதும் பிறர் இரத்தத்தைப் பெற்றே அக்குழந்தைகள் வளர வேண்டும். நமக்கு ஆயிரத்தில் ஒன்றாகத் தோன்றும் ஆபத்து, நூறு தடவை இரத்தம் பெறும் குழந்தைக்கு நூறு தடவை வந்து எதிரே நிற்கிறது.

சோதனையும் சட்டமும் இருந்தும் மனிதர் தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் நடந்த சாத்தூர் நிகழ்ச்சி காட்டிற்று. அங்கே அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் செலுத்தப்பட்டுவிட்டது. அது வெளியே தெரிந்தது எவ்வாறு? உறவினர் ஒருவருக்காக இரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தம் நிலையை அறிந்தார். அறிந்ததும், தம் இரத்தத்தை யாருக்கும் செலுத்த வேண்டாமென்று அவரே இரத்த வங்கிக்குத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஈராண்டுகளுக்கு முன்பே அவர் கொடுத்த இரத்தத்தில் கிருமி காணப்பட்டும், அச்செய்தி அவருக்கு எட்டவில்லை என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. அந்த இளைஞர் மனமுடைந்து, அம்மாத இறுதியிலேயே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிறந்த குழந்தைக்குக் கிருமி இல்லையென்று தெரிந்தது மட்டுமே ஆறுதல். 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அந்நிகழ்ச்சியில் கருவிகளும் பதிவேடுகளும் தவறின. உண்மையைச் சொன்னவர் கொடுத்தவர் ஒருவரே. அவருக்கு உரிய காலத்தில் செய்தியும், பரிவோடு பேசும் ஓர் ஆலோசகரும் கிடைத்திருந்தால் இரண்டு குடும்பங்கள் காக்கப்பட்டிருக்கும். நோயுற்றவரை இகழும் சமுதாயத்தில் எவரும் வாய் திறந்து உண்மை சொல்லமாட்டார். எய்ட்ஸ் நோயாளிகளின் இரகசியத்தைக் காக்கவும் அவர்களை ஒதுக்குவதைத் தடுக்கவும் 2017இல் இயற்றிய சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கத்தை நிறைவேற்றுவது நீதிமன்றத்தின் கடமை மட்டுமன்று, நம் நாவின் கடமையுமாகும்.

ஆகவே இரத்தம் கொடுக்கப் போகுமிடத்தில் கையில் தரும் வினாத்தாளை வெறும் சம்பிரதாயம் என்று கருதலாகாது. அண்மையில் காய்ச்சல் கண்டதா, பச்சை குத்திக்கொண்டதுண்டா, வேறு இடர்ப்பாடு உண்டா என்ற கேள்விகள், எந்தக் கருவியும் நுழைய முடியாத அந்த இடைவெளிக்குள் நுழையும் கேள்விகள். ஐயமிருந்தால், இன்று கொடுக்க இயலாது என்று சொல்லி எழுந்து வருவதும் ஒரு கொடையே. தன் உடல்நிலையை அறிவதற்காக மட்டும் இரத்தம் கொடுப்பவர் பிறருக்குத் தீங்கு செய்தவராகிறார். அதற்கென்று அரசு மருத்துவமனைகளில் இரகசியமாகச் சோதித்துக்கொள்ளும் இலவச ஏற்பாடு இருக்கிறது.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டு, நாற்பத்தைந்து கிலோ எடைக்குக் குறையாமல், உடல்நலத்தோடு இருப்பவர் ஆண்களாயின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், பெண்களாயின் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தம் கொடுக்கலாம். யாருக்கென்று கேளாமல், பலன் கருதாமல், ஆண்டுதோறும் தவறாது கொடுப்பவர் இரத்தம் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுவதால், அதுவே மிகுந்த நம்பிக்கைக்குரியது. வேற்று மாநிலத்தில் வாழும் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவையும் இசை விழாவையும் நடத்துவதுபோல், அக்டோபர் முதல் நாளாகிய தேசியத் தன்னார்வ இரத்ததான நாளிலும் ஒன்றுகூடலாம். நள்ளிரவில் நம் வீட்டாருக்கு முகமறியாத ஒருவருடைய இரத்தம் வருகிறது. அதேபோல் நம்முடைய இரத்தமும் இந்நகரத்தில் முகமறியாத யாரோ ஒருவருக்குச் செல்லட்டும், உண்மையோடு செல்லட்டும்.